ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு உத்தரவுகள்

மகனே,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன். வெட்கமாக இருக்கிறது என்பதற்காக எதையும் குறைக்கவும் மாட்டேன். முதல் உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் ஊர். காலையில் பேருந்து ஏறித் திண்டிவனத்துக்குப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறேன். கல்யாணம் ஆகாத பெண் ‘மகனே’ என்று எழுதினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளட்டும். இந்தத் தை மாதத்தில் என்னைப் பற்றி அவர்கள் சொன்னவற்றோடு பார்த்தால் இது ஒன்றும் பெரிதில்லை. நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும், பெண் பார்க்கிற பேச்சும் தொடங்கியிருக்கும். அப்போது நான் எப்படி ஆகியிருப்பேனோ தெரியாது. வயதானால் எல்லோரும் நடந்ததை நயமாக மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படி ஆகிவிடலாம். அதனால்தான் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

மகளுக்கு எழுதாமல் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். மகளாக இருந்தால் இதில் பாதியை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டுவிடுவாள். மகன்தான் நாளைக்கு யாருக்காவது தாய்மாமன் ஆவான். மாமன் என்றால் உரிமை என்று உன் காதில் ஓதுவார்கள். அதற்கு முன்னால் என் குரல் உன் காதில் விழ வேண்டும்.

என் அக்கா சரோஜாவை அம்மாவின் தம்பி ஏழுமலை மாமாவுக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. ஒருவனுடைய அக்காவுக்குப் பெண் பிறந்தால் அன்றைக்கே “உனக்குப் பொண்டாட்டி பொறந்துட்டாடா” என்று தம்பியிடம் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் அரைக்கால் சட்டையோடு ஒன்றும் புரியாமல் நிற்பான். மாமாவுக்கு ஊர் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை. அண்ணன் குடும்பத்தோடு ஒன்றாக இருந்துகொண்டு கரும்பு போடுகிறார். நல்ல மனிதர், அதையும் எழுதத்தான் வேண்டும். என்னை அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். நான் வீரிட்டு அழுதபோது “மாமன கடி, நல்லா கடி” என்று விரலை நீட்டினாராம்; நான் கடித்தும்விட்டேனாம். நான் வயதுக்கு வந்தபோது பச்சைத் தென்னோலை வெட்டி வந்து குடிசை கட்டியதும் அவர்தான். தாய்மாமன் செய்ய வேண்டிய முறைகள் இவை. இதெல்லாம் அன்பு என்று நினைத்திருந்தேன். அன்புதான். ஆனால் ஒவ்வொரு முறையும் இடம்பிடிக்கத் துண்டு போடுவதும் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது.

சென்ற ஐப்பசியில் அக்காவுக்குப் பையன் பிறந்தான். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டும். வலி முந்திக்கொண்டதால் காணையிலிருந்தே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். செய்தி கேட்டு நானும் அம்மாவும் மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம். குழந்தை பால் நிறத்தில் இருந்தான். நிறம் என்றால் தோல் மட்டும் இல்லை. தலைமுடி இலவம்பஞ்சு போல, புருவம் வெள்ளை, இமை மயிர்கூட வெள்ளை. என் கண்ணுக்கு அழகாக இருந்தான். வார்டு கூட்டுகிற அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, “இன்னாம்மா இது, குங்குமப்பூ எத்தினி டப்பா துன்ன?” என்று கேட்டதும் பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. அது வெறும் கேலி, அதை மன்னிக்கலாம். மாமாவின் அண்ணியும் அங்கே இருந்தார். அவரை நான் காணை அத்தை என்று கூப்பிடுவேன். அவர் குழந்தையை ஒரு முறை பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, “எங்க ஊட்ல எவன் இந்தக் கலரு? பாண்டிச்சேரி பஸ்ஸு எங்க ஊர்ல நிக்கறதே இல்லியே, இவ எப்பிடி ஏறுனா?” என்றார். புதுச்சேரியில் வெள்ளைக்காரர்கள் இருப்பது உனக்குத் தெரியும். அவர் என்ன சொன்னார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாமா பிளாஸ்கோடு வாசற்படியில் நின்றார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ‘சும்மா இருங்க அண்ணி’ என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டாக்டர் வந்தார், குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், “ஆல்பினோ. உயிருக்கு ஒண்ணும் இல்ல, வெயில்ல காட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தச் சொல்லை நான் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, “கிரகணத்தன்னிக்கி நான் வெளில வந்தனாம்டி, அத்த சொல்றாங்க. வந்தனா? எனக்கு ஞாபகமே இல்லியே” என்றாள். செய்யாத ஒரு தவறைத் தன் நினைவுக்குள் தேடிக்கொண்டிருந்தாள், மகனே. அன்றைக்குத்தான் எனக்கு முதல் கோபம் வந்தது. அது இன்றுவரை போகவில்லை. போகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் பாடத்தில் அப்போது செல் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகிற பாடம் அது. நான் தாண்டவில்லை. நம் உடம்பின் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு இருக்கிறது, அதற்குள் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது, உடம்பு என்னென்ன செய்ய வேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. நமக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து; அதற்கு நான்கே எழுத்து. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை வைத்துக்கொண்டு நாம் பாண்டிச்சேரி பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறோம். நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு அது கண்ணைச் செய்கிறது, இரத்தத்தைச் செய்கிறது, நகத்தைச் செய்கிறது. இந்த டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதே இல்லை. வேலை நடப்பதோ வெளியே. அதனால் எந்த வேலை நடக்க வேண்டுமோ அந்தப் பகுதியை மட்டும் படியெடுத்து ஓர் ஆர்.என்.ஏ. உருவாகிறது. அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். பெயரைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. தூது என்றால் பாட்டில் வருகிற மேகமும் கிளியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தத் தூது வெளியே வந்து ரைபோசோம் என்ற இடத்தில் போய்ச் சேர்கிறது. ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். அதைச் சுமந்து வந்து கொடுப்பதற்கு இன்னொரு வகை ஆர்.என்.ஏ. உண்டு. பூத்தொடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும்; ‘நிறுத்து’ என்று பொருள்படும் மூன்றெழுத்து வந்ததும் கோப்பது நின்றுவிடும். கோத்த சரம் சுருண்டு மடிந்து புரதம் ஆகிறது. அந்தப் புரதம்தான் வேலைக்காரன். தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் கருமை தருகிற சாயத்தைச் செய்வதற்கும் ஒரு புரதம் இருக்கிறது. அது சரியாக உருவாகாவிட்டால் சாயம் இல்லை, அவ்வளவுதான். கிரகணமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நான் எழுந்து, “மிஸ், மூணு எழுத்துல ஒண்ணு தப்பா இருந்து, பாதியிலேயே நிறுத்துன்னு வந்துட்டா என்ன ஆகும்?” என்று கேட்டேன். “போர்ஷன் முடிக்கணும், உக்காரு” என்றார்கள். உட்கார்ந்துகொண்டேன். ஆனால் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் உள்ளங்கையில் இருந்த சொல் புத்தகத்தின் பின்பக்கத்துப் பாடத்தில் ஒரு வரியாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவும் குழந்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கார்த்திகை போனது, மார்கழியும் வந்தது. அழைத்துப்போக மாமா வரவில்லை. வந்தது காணை அத்தைதான். வந்தவர் குழந்தை இருந்த அறைக்குள் போகவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “பெரியவ பெத்தது பெத்துட்டா. அவள தள்ளிடவா சொல்றோம்? அவளும் ஒரு ஓரமா இருக்கட்டும். சின்னவளயும் ஏழுமலைக்கே குடுத்துடுங்க. தையில முடிச்சிடலாம். ஒரு நல்ல கொயந்த பொறந்துட்டா ஊரு வாய மூடிடலாம் பாருங்கோ.”

என்னைத்தான் சொன்னார், மகனே. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். “நான் மார்ச்ல பரீட்ச எழுதணும்” என்று வெளியே வந்து சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எழுதேன், யார் வேணாங்கறா? வாசல்ல, கோலமாவுல எழுது” என்றார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தை போன பிறகு அம்மா என் தலையை வாரிக்கொண்டே, “மாமன்தானடி, முன்னபின்ன தெரியாத மனுசனா? நீ போனீனா அக்காவுக்கும் அந்த ஊட்ல ஒரு எடம் நிக்கும்” என்றாள். அக்காவின் இடத்துக்கு நான் விலை. அதை அவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்பாவிடம் போனேன். அவர் களத்து மேட்டில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார், எங்கள் பேச்சில் மல்லாட்டை. எங்கள் நிலத்தில் விளைந்தது இல்லை அது. முகையூர்ப் பக்கம் தெரிந்தவரிடம் போய் மாற்றி வாங்கி வந்திருந்தார். ஏன்ப்பா, நம்மளுதே மூட்டை மூட்டையா இருக்குதே என்று கேட்டேன். “ஒரே வெதய ஒரே நெலத்துல போட்டுக்கினே இருந்தா சவலையாப் பூடும். எப்பனா ஒருக்கா வெளியூர் வெத மாத்தணும்” என்றார். “அப்ப எங்கள மட்டும் ஏம்ப்பா மாமன் ஊட்லயே போடறீங்க?” என்றேன். அவர் கை நின்றது. “மனுசனும் மல்லாட்டையும் ஒண்ணாடி?” என்றார். ஒன்று இல்லைதான்; விதை மாற்றுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மல்லாட்டைக்கு அவர் யோசித்த அளவு எங்களுக்கு யோசிக்கவில்லை என்பதும் உண்மை. அதைச் சொன்னதற்கு என் மேல் மல்லாட்டைத் தோல் வந்து விழுந்தது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வந்தார்கள். தேங்காய், வெற்றிலை, பூ, புடவை. காணை அத்தை, அவர் வீட்டுக்காரர், உறவில் சிலர், நடுவில் மாமா. மாமா முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தார், ஆனால் யார் கண்ணையும் பார்க்கவில்லை. அக்காவை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தாள் அம்மா. நான் அதைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்து நீலத் தாவணியைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அப்பா “உள்ள போயி துணி மாத்துடி” என்று பல்லைக் கடித்தார். நான் நேராக மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“மாமா, உங்கள ஒண்ணு கேக்கணும்.”

“கேளு கண்ணு.”

“கரும்பு முத்திடுச்சின்னு வெச்சிக்கங்க. நீங்களே எறங்கி வெட்டி ஆலைக்கு அனுப்பிடலாமா?”

“இன்னாடியம்மா இது, நாம பொண்ணு கேக்க வந்தா இவ கரும்ப கேக்கறா!” என்றார் அத்தை. கூடமே சிரித்தது. மாமா மட்டும் கரும்பு என்றதும் தலைநிமிர்ந்தார்.

“அதெப்பிடி? ஆலைலேர்ந்து கட்டிங் ஆர்டர் வரணும். ஆர்டர் வந்தாத்தான் வெட்ற ஆளு எறங்குவான்.”

“வரலன்னா?”

“நிக்க வேண்டியதுதான். பூ எடுத்து, காஞ்சி, சக்கையாப் பூடும்.”

“ஆர்டர் வந்துது, ஆனா பாதில ‘நிறுத்து’ன்னு தப்பா எழுதிட்டாங்க. அப்ப?”

“பாதில நிறுத்திட்டுப் போய்க்கினே இருப்பான். மேஸ்திரிக்கு இன்னா, எழுதினதுதான் அவனுக்கு.”

“அதுக்கு நெலத்து மேல கொற சொல்வீங்களா?”

“நெலம் இன்னா பண்ணும் பாவம்?”

“அக்கா இன்னா பண்ணுவா மாமா?”

சிரிப்பு நின்றுவிட்டது. இனி நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. புத்தகத் தமிழை விட்டுவிட்டு வீட்டுப் பேச்சில் சொன்னேன். உடம்பும் ஆலை மாதிரிதான், எல்லாக் கணக்கும் ஆபீசுக்குள்ளேயே இருக்கும், அது வெளியே வராது, அதைப் பார்த்து எழுதிய ஆர்டர்தான் வெளியே வரும், அதைப் படித்துத்தான் ஆள் வேலை செய்யும் என்றேன். “ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு ஆர்டர் உண்டு மாமா. அப்பா கிட்டேர்ந்து ஒண்ணு, அம்மா கிட்டேர்ந்து ஒண்ணு. ஒண்ணு தப்பா இருந்தாக்கூட இன்னொண்ண வெச்சிக்கினு வேல நடந்துடும், வெளில ஒண்ணும் தெரியாது. ரெண்டும் தப்பா இருந்தாத்தான் வேல நின்னு பூடும். பையனுக்குத் தோலுக்கு சாயம் செய்யற வேல நின்னுபோச்சி. அவ்ளோதான் நடந்தது.”

மாமா மெதுவாகக் கேட்டார். “ரெண்டுமா தப்பு?”

“ரெண்டும்.”

“ஒண்ணு சரோஜாது.”

“ஆமா மாமா.”

“அப்ப இன்னொண்ணு...”

குழந்தை பெற்ற பெண்ணைத் தவிர வேறு யாரையும் நோக்கி அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் போனதே கிடையாது.

“உங்களுது மாமா. உங்ககிட்ட இல்லாம பையனுக்கு இப்பிடி வராது. பாண்டிச்சேரிலேர்ந்து வரல. தாத்தா வீட்ல இருந்த ஒரே தப்பு ஆர்டரு, உங்களுக்கு வந்துது, அம்மாவுக்கும் வந்துது. அம்மா கிட்டேர்ந்து அக்காவுக்குப் போச்சு. எனக்கும் வந்திருக்கலாம், வராமயும் இருக்கலாம். எங்கிட்ட இருக்குதா இல்லியான்னு பாக்க இங்க வழியே கெடையாது. என்னக் கட்டினா நல்லதா பொறக்கும்னு எந்த தைரியத்துல சொல்றீங்க?”

“பார்ரா! சிங்கம் மாதிரி கீற ஆம்பளைய நிக்க வெச்சி கொற சொல்றா!” என்று அத்தை எழுந்துவிட்டார். “பொட்டச்சிக்கு படிப்பு எதுக்குன்னு இதுக்குத்தான் சொல்லிக்கினு இருக்கேன்!”

இதற்குப் பிறகு நான் சொன்னதைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் பிற்காலத்தில் யாராவது, ‘உன் அம்மா விஞ்ஞானம் பேசித் தப்பித்தாள்’ என்று சொல்வார்கள். அப்படி இல்லை. நான் சொன்னேன்: “என் கிட்ட அந்தத் தப்பு இல்லவே இல்லன்னு வெச்சிக்கங்க. சாமியே வந்து சொல்லிட்டுதுன்னு வெச்சிக்கங்க. அப்பவும் வர மாட்டேன். அக்கா புருசன நான் கட்ட மாட்டேன். நீங்க எனக்கு மாமா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.” புத்தகம் என் பக்கம் நின்றதால்தான் நான் மறுத்தேன் என்று நினைத்துவிடாதே. புத்தகம் எதிர்ப்பக்கம் நின்றிருந்தாலும் மறுத்திருப்பேன்.

அப்போது அறைக் கதவு திறந்தது. அக்கா குழந்தையோடு வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருந்த பாயிலேயே, தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து வெளியாட்கள் வந்தால் குழந்தையின் முகத்தில் ஒரு துணி போட்டுவைப்பார்கள். அந்தத் துணியை எடுத்து மடித்துத் தொடைமேல் வைத்தாள். வெளிச்சம் கூசியதால் அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தான். அக்கா, “அத்த, கிரகணத்தன்னிக்கி நான் வெளில வரல. எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வந்துடுச்சி” என்றாள்.

மாமா எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அத்தை தட்டுகளை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களை எழுதுவது கடினம். வென்றுவிட்டேன் என்று நினைக்காதே. அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா அடுப்படியில் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று துடுப்பை நிறுத்தி, “அப்போ அது எங்கிட்டேர்ந்துதான் போச்சாடி?” என்று கேட்டாள். நான் பொய் சொல்லியிருக்கலாம். “ஆமாம்மா. அக்காவோட மூக்கும் உங்கிட்டேர்ந்துதான் போச்சு. லட்சணமான மூக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுக்கு எவனாவது உன்ன விசாரிச்சானா?” என்றேன். களி அடிப்பிடித்தது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, “பாத்தியா, எங்க வித்துல கெடையாது, எல்லாம் உங்க ஊட்டு வித்து” என்று தொடங்கினார். குற்றம் என்று வந்தால் அரை நிமிடத்தில் வீட்டை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். “தப்பு எழுத்துலதாம்ப்பா. ஆளு மேல இல்ல” என்றேன். “வாய மூடு” என்றார். மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நேற்றுக் காலை மாமா வந்தார். தனியாக வந்தார், கையில் ஒரு துணிப்பை. வாசலிலேயே நின்று, “சரோஜா, கெளம்பு” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். “யாரா கெளம்பணும்? ஓரமா இருக்கறவளாவா?” என்று அக்கா உள்ளிருந்தபடியே கேட்டாள். இப்படிப் பேச அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அதுவும் எங்கேயோ எழுதியிருந்திருக்கும். மாமா பையிலிருந்து ஒரு குழந்தைத் தொப்பியை எடுத்தார். முன்பக்கம் நல்ல அகலமாக, கண்ணுக்கு நிழல் விழும்படி தைத்த தொப்பி. விழுப்புரத்தில் கேட்டுத் தைத்து வாங்கியதாம். “புள்ளைக்கு வெயிலு ஆவாதில்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இது போட்டா கண்ணு கூசறது கொறையுமா?” என்று கேட்டார்.

“கொறையும் மாமா. கண்ணு டாக்டர் கிட்டயும் காட்டணும். பார்வ கம்மியா இருக்கலாம்.”

“ம்.”

“கோவமா மாமா?”

“கோவந்தான்,” என்றார். “அத்தினி பேர் முன்னால சொன்ன பாரு. பேஜாராப் போச்சி எனக்கு.” கொஞ்ச நேரம் தொப்பியின் நாடாவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு ஆர்டரும் ஒரே ஊட்லேர்ந்துதான் வந்திருக்குது. அதுக்குன்னு ஆலைய கொளுத்தவா முடியும்? ஜல்தி கெளம்பச் சொல்லு அவள, பத்து மணிக்கு பஸ்ஸு.” மன்னிப்புக் கேட்கவில்லை. என்னைக் கேட்டு வந்தது தவறு என்றும் சொல்லவில்லை. ஆனால் பேருந்து நிறுத்தம் வரைக்கும் குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு போனார், முகத்தை மூடாமல். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தார்.

அக்காவுக்கு அந்த வீட்டில் இடம் நிலைத்துவிட்டது. என்னுடையதைப் பற்றி அப்பா இன்றைக்குச் சொன்னார். “ஊரு பூரா தெரிஞ்சிபோச்சி, நம்ம வித்துல கோளாறுன்னு. எங்கிட்டயும் இருக்கலாம்னு நீயே நடு ஊட்ல நின்னு சொன்னியே. உன்ன இனிமே எவன்டி கட்டுவான்?” அவர் கோபத்துக்குள் பயம் இருந்தது, அது எனக்குக் கேட்டது. அவர் சொன்னது பொய்யும் இல்லை. அக்காவுக்காகப் பேசும்போது என் பேரையும் சேர்த்தேதான் சொன்னேன். வேண்டுமென்றே சொன்னேன். அதை மட்டும் மறைத்திருந்தால் மற்றதெல்லாம் பாதி உண்மை ஆகியிருக்கும். “தெரிஞ்சும் கட்றவன் வரட்டும்ப்பா. வரலன்னா காலேஜ் போறேன்” என்றேன். “காலேஜா! நாளைலேர்ந்து பள்ளிக்கூடமே கெடையாது” என்றார்.

ஆகவே மகனே, நீ பிறந்திருந்தால், தெரிந்தும் கட்டிக்கொண்ட ஒருவருக்குத்தான் பிறந்திருப்பாய். உன் அப்பாவை மதி. அந்த எழுத்து என்னிடம் இருக்கலாம், உன்னிடமும் இருக்கலாம். இருந்தால் அது உன் குற்றம் இல்லை; தெரிந்திருந்தும் மறைத்தால் அது குற்றம். நீ கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் இதைக் கல்யாணத்துக்கு முன்னால் உன் வாயால் சொல். உன் அக்காவோ தங்கையோ பெண் பெற்றால் அவளை மடியில் உட்கார வைத்துக் காது குத்து, ஓலைக் குடிசை கட்டு, சீர் செய். அதற்குப் பதிலாக எதையும் கேட்காதே. அவள் வளர்ந்து உன் முன்னால் நின்று ஏதாவது கேட்டால் ஏழுமலை மாமாவைப் போல முழுவதும் கேட்டுவிட்டுக் கோபப்படு. கேட்பதற்கு முன்னால் கோபப்படாதே. உனக்குப் பிறக்கும் குழந்தை எந்த நிறத்தில் இருந்தாலும், ஆஸ்பத்திரியில் யாராவது அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தால், பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திற. காணைக்குப் போனால் உன் அண்ணனைப் பார். உனக்கு முன்னால் பிறந்தவன், பஞ்சுத் தலைக்காரன். அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டாயோ, நான் உயிரோடு இருந்தால் உன்னை அடிப்பேன்.

நான் எழுதுவதைப் பார்த்து அப்பா இரண்டு முறை வந்து சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டு முறையும் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து போட்டுவிட்டுப் போனாள். இப்போது அப்பா மூன்றாவது முறையாக வந்து நிற்கிறார். “இன்னும் முடியலியாடி?” என்கிறார். இன்னும் ஒரு வரிதான் இருக்குதுப்பா என்கிறேன். கை சுவிட்சின் மேல் இருக்கிறது, ஆனால் தட்டவில்லை. நாளைக்கு ஆறரை மணி பஸ்ஸில் நான் பள்ளிக்கூடம் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் நகரவில்லை. நான் எழுந்து போய், அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். இந்த வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இருட்டில் எழுதுகிறேன். விளக்கை நானே அணைத்துவிட்டேன்.